இடுப்பு எங்கே இருக்கிறது? யோகாவில் வரும் வலி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒன்றரை வருடமாக யோகா வகுப்புக்குப் போகிறீர்கள். ஆறு மாதமாகப் பச்சிமோத்தானாசனத்தில், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும்போது, இடது பிட்டத்துக்கு அடியில் வலி. பத்மாசனத்துக்குக் காலை மடக்கினால் வலது முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்கிறது. ஆசிரியரிடம் சொன்னால், "வலியைத் தாண்டினால்தான் உடம்பு திறக்கும்" என்கிறார். உடற்கூறியல் படித்தால் காயம் படாமல் தப்பிக்கலாமா, எவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கேட்டது: ஆசிரியர் ஒன்று சொல்கிறார், உடம்பு வேறொன்று சொல்கிறது, யாரை நம்புவது?

நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். இருபது வருடமாக மூட்டு, தசை, முதுகுப் பிரச்சினைகளோடு வருபவர்களைப் பார்க்கிறேன். யோகாவும் செய்கிறேன், ஆனால் கற்றுக்கொடுப்பதில்லை. தொட்டுப் பார்க்காமல் உங்களுக்கு இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆறு மாத வலி என்பதால் ஒருமுறை நேரில் காட்டிவிடுவது நல்லது. கீழே எழுதுவதை அந்தச் சந்திப்புக்கு முன்னால் உங்களை நீங்களே கவனித்துக்கொள்ள உதவுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உடற்கூறியல் படித்தால் தப்பிக்கலாமா? முடியாது, அதற்கு நானே சாட்சி. படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தபோதுதான் நான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். 206 எலும்புகளின் பெயரும் உங்களுக்குத் தேவையில்லை. நாலைந்து இடங்களைச் சொந்த உடம்பில் விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும். முதல் இடம் இடுப்பு.

தமிழில் இதில் ஒரு வம்பு உண்டு. பெல்ட் கட்டும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு, முதுகின் அடிப்பகுதி பிடித்துக்கொண்டால் அதுவும் இடுப்பு வலி, தொடை எலும்பு போய்ப் பொருந்தும் மூட்டும் இடுப்பு மூட்டு. "இடுப்பிலிருந்து குனியுங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் பெல்ட் கட்டும் இடத்தில் மடங்குகிறார்கள். அங்கே இருப்பது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. ஆசிரியர் சொல்ல வந்த மூட்டு அது இல்லை. எழுந்து நின்று ஒரு முழங்காலை மார்பை நோக்கித் தூக்கிப் பாருங்கள். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்புக்குப் பின்னால், உள்ளே ஆழத்தில் இருக்கிறது இடுப்பு மூட்டு. பெல்ட்டிலிருந்து ஒரு சாண் கீழே. குனிவது அங்கே நடந்தால் இடுப்பெலும்பு ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பது போல முன்னால் சாயும், முதுகு கிட்டத்தட்ட நேராகவே கூட வரும். இடுப்பெலும்பு சாயாமல் நின்றுவிட்டால், மிச்சக் குனிவு முழுவதையும் முதுகு வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

அது ஏன் சாயாமல் நிற்கிறது என்பதற்கு இரண்டாவது இடத்தைத் தொட வேண்டும். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். லேசாக முன்னும் பின்னும் ஆடினால் உருண்டையாக ஒரு எலும்பு கையில் அழுந்தும். உட்காரும் எலும்பு என்று வைத்துக்கொள்ளலாம். பின்தொடைத் தசைகள், வகுப்பில் ஹாம்ஸ்ட்ரிங் என்பார்களே, அவை இந்த எலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. காலை நீட்டி உட்கார்ந்தால் இந்தத் தசைக் கயிறு இரண்டு முனையிலும் இறுகிவிடும். இடுப்பெலும்பு முன்னால் சாய வேண்டுமானால் உட்காரும் எலும்பு பின்னால் நகர வேண்டும், கயிறு அதை விடாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் அல்லது மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்தால் ஆசனம் சுலபமாவதற்குக் காரணம் இதுதான். அது சோம்பேறித்தனம் இல்லை, கயிற்றைத் தளர்த்துகிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பிட்டத்து வலிக்கு வருவோம். கையில் அழுந்திய அந்த எலும்பிலேயே வலி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்தொடைத் தசையை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கும் நாரை, அதாவது நாணை. குனிந்து நீட்டும்போது அந்த நாண் இழுபடுவது மட்டுமில்லை, எலும்பின் மேல் அழுத்தவும் படுகிறது. கிணற்றுச் சுவரின் விளிம்பில் கயிற்றை மடக்கி இழுப்பது போல. தினமும் முழு ஆழத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தால் அந்த இடம் நைந்துபோகும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. உடம்பு சூடானதும் வலி குறையும். "பார்த்தாயா, நீட்டினால் சரியாகிறது" என்று தோன்றும். கணக்கு மறுநாள் காலையில் வரும்: எழுந்ததும் குடைச்சல், நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இடம் மாற்றி மாற்றி உட்கார வேண்டியிருக்கும். இந்த வர்ணனை உங்களுக்குப் பொருந்தினால், நீட்டுவதைக் கூட்டுவது மருந்தாகாது. சில வாரங்களுக்கு ஆழமான முன்வளைவுகளை விட்டுவிட்டு, அந்தத் தசையைப் பலப்படுத்துவதுதான் வழி. சேதுபந்தாசனம் போலப் படுத்து இடுப்பைத் தூக்கி, 30 அல்லது 40 விநாடி நிறுத்துவது நல்ல ஆரம்பம். அது பழகியபின் ஒற்றைக் காலில் தூக்கலாம், அப்புறம் எடையோடு குனிந்து நிமிரும் பயிற்சிக்குப் போகலாம். நாண் மெதுவான ஜென்மம். மூன்று மாதத்துக்குக் குறைந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஆறு மாதமும் ஆகலாம்.

ஆனால் வலி தொடையைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே போகிறது, பாதம் மரக்கிறது, இருமினால் கூடுகிறது என்றால் அது வேறு கதை, முதுகைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் அடங்காமல் போவதோ வராமல் அடைத்துக்கொள்வதோ, தொடைகளின் உள்பக்கம் உணர்ச்சி குறைவதோ நடந்தால், வகுப்பு, பதில், காத்திருப்பு எதுவும் வேண்டாம், அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

முழங்காலில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். மடங்கிய நிலையில் கொஞ்சம் திரும்பவும் செய்யும், ஆனால் கொஞ்சம்தான். பத்மாசனத்தில் பாதத்தின் அடி மேலே பார்க்க வேண்டும். அந்தத் திருப்பம் முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து, தொடை எலும்பு வெளிப்பக்கமாக உருள்வதிலிருந்து வர வேண்டும். தொடை உருள மறுத்தால், நாம் பாதத்தைப் பிடித்து இழுக்கும் இழுப்பு நடுவில் இருக்கும் முழங்காலில் முறுக்காக இறங்கும். அங்கே இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவத்தில் மெனிஸ்கஸ் என்ற மெத்தை இருக்கிறது. "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்வார்களே, பல சமயம் இதைத்தான். முறுக்கில் உள்பக்கத்து மெத்தை நசுங்குகிறது. அதன் வெளி ஓரத்துக்கு மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு. உள் ஓரத்தில் கிழிந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் தினமும் பழகித் தொடையை உருள வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். தடுப்பது தசை என்றால் ஓரளவு முடியும், எலும்பு என்றால் முடியாது. தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலை, அதைத் தாங்கும் கழுத்து. அந்தக் கழுத்து முன்பக்கமாக எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களில் சராசரி 15 டிகிரி அளவில் இருக்கும். சிலருக்குப் பூஜ்யத்தை ஒட்டி, சிலருக்கு 30 டிகிரிக்கும் மேல். பந்து உட்காரும் குழியின் ஆழமும், அது பார்க்கும் திசையும் அப்படித்தான். வளரும் வயதில் அமைந்த இந்த அச்சை நாற்பது வருடம் பயிற்சி செய்தாலும் மாற்ற முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துப் பாயில் மூன்றாம் வாரமே பத்மாசனம் போட்டவருக்கு உங்களைவிட மன உறுதி அதிகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு வாய்த்த எலும்பு அப்படி.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. குப்புறப் படுத்து, ஒரு முழங்காலை மடக்கிப் பாதம் கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். தொடையும் இடுப்பும் தரையை விட்டு எழாமல், பாதத்தை மெதுவாக மற்றக் காலின் பக்கமாகச் சாய விடுங்கள். பத்மாசனத்துக்குத் தேவையான திருப்பத்தின் ஒரு பங்கு அதுதான். அப்புறம் எதிர்ப்பக்கம், வெளியே சாய விடுங்கள். வெளியே தாராளமாகச் சாய்ந்து, உள்ளே கொஞ்சத்திலேயே நின்றுவிட்டால் உங்கள் எலும்பு பத்மாசனத்துக்கு ஒத்துழைக்காத வகையாக இருக்கலாம். எப்படி நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். ரப்பரை இழுப்பது போல இழுத்துக்கொண்டே போய் நின்றால் தசை. சுவரில் கதவு முட்டியது போல டக்கென்று நின்றால் எலும்பு. இது நூற்றுக்கு நூறு துல்லியமான சோதனை இல்லை, மூட்டை மூடியிருக்கும் உறை இறுகியிருந்தாலும் இதே மாதிரி தெரியும். ஆனால் ஆறு மாதம் முழங்காலோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்க்கலாம்.

இந்தச் சோதனையை நான் அப்போதே அறிவேன். நோயாளிகளுக்கு வாரத்தில் பத்துத் தடவை செய்வேன். எனக்கு நானே செய்துகொள்ளவில்லை. 26 வயது. வகுப்பில் எல்லோரும் போட்டுவிட்டார்கள், நான் மட்டும் பாக்கி. இரண்டு கையாலும் வலது பாதத்தைப் பிடித்து இடது தொடையின் மேல் ஏற்றினேன். உள்ளே ஈரத்துணி கிழிந்தது போல ஒன்று, காதால் கேட்டதைவிட எலும்பால் கேட்டது. வலி பெரிதாக இல்லை, அந்தப் பெருமையில் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்தும் இருந்தேன். மாலைக்குள் முழங்கால் சில்லின் விளிம்பே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. நாலு மாதம் மாடிப்படியில் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். பிணவறையில் மெனிஸ்கஸை வெட்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தவன் நான். படிப்பு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு, "வலிக்கிறதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், நோயாளிகளிடமும் என்னிடமும். எப்படி வலிக்கிறது என்றுதான் கேட்கிறேன். இதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இழுக்கிறது, கடுக்கிறது, குடைகிறது, குத்துகிறது, சுருக்கென்கிறது, எரிகிறது, மரத்துப்போகிறது. தசையின் நடுவயிற்றில், அதாவது தொடையின் பின்பக்கம் நடுவில், பரவலாக இழுக்கிறது என்றால் அது நீட்டும்போது வரக்கூடியதுதான், மூச்சு சீராக ஓடும் அளவில் இருந்தால் தொடரலாம். தசையின் முனையில், எலும்போடு ஒட்டும் இடத்தில் ஒரு விரலால் காட்டக்கூடிய வலி என்றால் பின்வாங்க வேண்டும். மூட்டுக்குள் குத்தினாலோ சுருக்கென்றாலோ அந்த நொடியே வெளியே வர வேண்டும். எரிந்தால், மின்சாரம் பாய்ந்தது போல ஓடினால், மரத்துப்போனால் அது நரம்பு, அதோடு பேரமே கிடையாது. வலியின் அளவு சேதத்தின் அளவைக் காட்டாது என்பதும் உண்மைதான். பயத்தாலும் தூக்கமின்மையாலும் வலி கூடும், பெரிய கிழிசல் சத்தமில்லாமலும் இருக்கும், என் முழங்காலைப் போல. அதனால்தான் எவ்வளவு என்பதைவிட எங்கே, எப்படி என்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

மரத்துப்போவது என்றதும், மண்டியிட்டுக் குதிகாலின் மேல் உட்காரும் வஜ்ராசனம் ஞாபகம் வருகிறது. சாதுவான ஆசனம், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஆனால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் உள்ள எலும்புக் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பு அது. மணிக்கணக்கில் குதிகாலின் மேல் உட்கார்ந்த ஒருவருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனதை 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பத்து நிமிடம் உட்காருவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மரத்த பிறகும் உட்கார்ந்திருப்பதுதான் தவறு.

தலைகீழ் ஆசனங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. சிரசாசனத்தில் தலை வழியாகக் கழுத்தில் இறங்கும் சுமையை அளந்து பார்த்ததில், அனுபவசாலிகளுக்கே அது உடல் எடையில் 40 சதவீதத்தைத் தாண்டியது. அந்தச் சுமையால் ஆரோக்கியமான கழுத்து கெடும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, தலையில் சுமை தூக்கியே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். கண் அழுத்தம் அந்த நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காவது மட்டும் உறுதி. குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் செய்யவே வேண்டாம். எலும்புத் தேய்மானம், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்திருப்பவர்கள் முதுகைக் கூன்போட்டு ஆழமாகக் குனிவதையும் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு முதுகெலும்புக் கண்ணியின் முன்பக்கம் நசுங்கிப்போகலாம்.

வளைவு கூடுவது எப்படி என்பதில் வகுப்பில் சொல்வதற்கும் ஆய்வுகள் காட்டுவதற்கும் இடைவெளி இருக்கிறது. சில வாரங்களில் விரல் தரையைத் தொடுகிறது என்றால் தசை நீண்டுவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மாறுவது சகிப்புத்தன்மைதான். அதே இழுப்பை நரம்பு மண்டலம் ஆபத்தாகப் பார்க்காமல் விடுகிறது. அதனால் வலியைத் தாண்டச் சொல்லும் உங்கள் ஆசிரியரின் வாக்கியத்தில் கால்வாசி உண்மை இருக்கிறது. இழுப்பைப் பழகலாம், நாணையும் மெத்தையையும் அப்படிப் பழக்க முடியாது. இன்னொன்று, முழங்கால் கணுக்காலைத் தாண்டவே கூடாது என்பது போன்ற விதிகள். வேதவாக்காகச் சொல்கிறார்கள், ஆனால் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அது தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே வலிக்கும் முழங்காலுக்கு அந்த விதி உதவும், நல்ல முழங்காலுக்கு அது அவசியம் என்று நிரூபணமாகவில்லை. முறுக்கு ஆசனங்கள் கல்லீரலைப் பிழிந்து கழிவை வெளியேற்றும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பெல்ட் கட்டும் இடத்து முதுகெலும்புகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு டிகிரிதான் திரும்பும், முறுக்கு பெரும்பாலும் மார்பு முதுகிலிருந்து வருகிறது. கையை நெம்புகோலாக வைத்து அடிமுதுகைத் திருக வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் யோகா மற்ற உடற்பயிற்சிகளைவிட ஆபத்தானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையில் உடைந்தவர்கள் இல்லை, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உரசியவர்கள். அதிலும் வளையாதவர்களைவிட, வகுப்பில் முன்வரிசையில் நிற்க வைத்துப் பாராட்டப்படும் வளைகிறவர்களே எனக்கு அதிகக் கவலை. முழங்கை பின்பக்கமாக மடங்கும், கட்டைவிரல் முன்கையைத் தொடும், எந்த ஆசனத்திலும் இழுப்பே தெரியாது. அவர்களை எதுவும் நிறுத்துவதில்லை, மூட்டின் கடைசிக் கட்டைதான் நிறுத்தும். அவர்களுக்குத் தேவை நீட்டுவது இல்லை, எல்லைக்கு முன்பே நின்று தசையால் பிடித்துக்கொள்ளும் பயிற்சி.

சரி, உங்களுக்கு நான் செய்யச் சொல்வது. பத்மாசனத்தை இன்றோடு நிறுத்திவிட்டுச் சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணமிட்டு, உட்காருங்கள். தியானத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அது ஒரு பங்கும் குறைவில்லை. முழங்கால் வீங்கினாலோ மடக்கியபின் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள். முன்வளைவை, முழங்காலை மடக்கி, உட்காரும் எலும்பில் எதுவும் தெரியாத அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். முந்தைய நாள் செய்தது சரியா தவறா என்பதை வகுப்பில் இருந்த உணர்வு சொல்லாது, இந்த எண் சொல்லும். யாராவது முதுகில் கைவைத்து அழுத்திக் குனிய வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நாண் எங்கே நைகிறது என்பது அந்தக் கைக்குத் தெரியாது.

ஆசிரியரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள், ஆனால் "வலிக்கிறது" என்று சொல்லாதீர்கள். அவர் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார், அதில் தொள்ளாயிரம் வெறும் இழுப்பாக இருந்திருக்கும். "உட்காரும் எலும்பிலேயே குடைகிறது, மறுநாள் காலையில் கூடுகிறது, முழங்காலுக்குள் சுருக்கென்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். நல்ல ஆசிரியர் அந்த இடத்திலேயே ஒரு போர்வையை மடித்துக் கொண்டுவருவார். அதற்குப் பிறகும் தாண்டச் சொன்னால் வேறு வகுப்பு பாருங்கள்.